பிளைவுட் மேல் போர்மேன்

அன்று காலை துபாய் ஜெபல் அலியில் எங்கள் தொழிலாளர் கேம்ப் வாசலில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். எங்களுக்காகப் பேசப்போகும் போர்மேன் அண்ணனும் இருந்தார். மேனேஜர் மட்டும் இன்னும் வரவில்லை. ரூமில் ஏசி ஓடாததால் டியூட்டிக்குப் போக மறுத்து நின்றோம்.

தபால் வழியில் வரலாறு படித்த நான், ரோமப் பேரரசின் கடைசிக் காலக் கதை ஒன்றை முந்தின நாள் இவர்களுக்குச் சொல்லியிருந்தேன். படைவீரர்கள் தங்கள் தளபதியைக் கேடயத்தில் ஏற்றித் தூக்கி, சக்கரவர்த்தி ஆக்கினார்கள். அவன் கெஞ்சியும் விடவில்லை.

"நம்ம தளபதி இவருதாண்டா!" என்று ஒருவன் கத்த, வாசலில் கிடந்த, கான்கிரீட்டுக்கு அடைப்பு கட்டும் சென்ட்ரிங் பிளைவுட் பலகையில் அண்ணனை உட்காரவைத்துத் தூக்கிவிட்டார்கள்.

"டேய், இறக்குங்கடா! அந்தாளு பாத்தா என் விசா காலிடா!"

"சும்மா இருங்கண்ணே, ராஜா கத்தக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்படித் தூக்கப்பட்டவனைப் பழைய சக்கரவர்த்தி சும்மா விடமாட்டான் என்பதையும் நான் படித்திருந்தேன். மேனேஜரின் கார் வளைவில் திரும்பியது. "இறக்குங்க, இறக்குங்க" என்று பலகையைப் பிடித்து இழுத்தேன். கார்க் கண்ணாடி இறங்கியபோது, எங்கள் தலைகளுக்கெல்லாம் மேலே அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலமே ஏசி வந்துவிட்டது. அண்ணனின் விசா ரத்தானது. ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டுக்குக் கம்பெனி காசு தராததால் நாங்களே சேர்த்துக் கொடுத்தோம்: அறுநூற்று ஐம்பது திர்ஹாம்.