இன்னொரு முறை என்றார் கவிஞர்

ஒரு கவிஞர் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன். வாய் தவறி அல்ல, வேண்டுமென்றே. அதனால் ஒரு பெண்மணி எழுதுவதையே விட்டுவிட்டார்.

அவர் பெரிய இந்தித் திரைப்பாடலாசிரியர். அவர் பாட்டு ஒலிக்காத கல்யாண ஊர்வலம் வடக்கே கிடையாது. சிட்னிக்கு வந்தபோது, மும்பையில் வளர்ந்த தமிழன் என்று மொழிபெயர்க்க என்னை அமர்த்தினார்கள். காரில் வரும்போது மனம்விட்டுப் பேசினார். சினிமாவில் எல்லோரும் மெட்டைத்தான் கேட்டார்களாம். கவியரங்கில் ஒரு மூத்த கவிஞர் 'அந்த வரியை இன்னொரு முறை' என்று கேட்டதுதான் அவர் வாழ்நாளில் பெற்ற உண்மையான விருதாம்.

ஆகவே, அதன் அருமை எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை!

சிட்னியின் பாரமட்டா பகுதியில் ஒரு மண்டபம். உள்ளூர்க் கவிஞர்கள் அவர் முன்னால் வாசித்தோம். என் கவிதையை நானே இந்தியிலும் சொன்னேன். தலையாட்டினார். அவ்வளவுதான்.

அடுத்து யாழ்ப்பாணத்து யோகம் அன்ரி. மகன் தடுப்பு முகாமில் இருந்த காலத்தை எழுதியிருந்தார். "கொண்டுபோன சோற்றைத் திருப்பித் தந்தார்கள், அவன் பசியையும் சேர்த்து" என்று முடித்தார்.

கவிஞரின் காதருகில் அதை இந்தியில் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொல்" என்றார் மெல்ல.

எனக்கு வயிறு எரிந்தது... மறைப்பானேன்?

மைக் என் கையில் இருந்தது. "போதும்ங்கிறார், அன்ரி. நேரமாச்சு" என்றேன்.

அன்ரி முகம் சுண்டிப்போய் இறங்கினார். கவிஞரிடம், அன்ரிக்குக் கூச்சம் என்றேன். இரண்டாவது பொய் எவ்வளவு சுலபமாக வந்தது!

கவிஞர் போன வருடம் காலமானார். அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அன்ரியைப் பார்த்தேன்.

"எழுதுறீங்களா அன்ரி?"

"அதோடை விட்டிட்டன் தம்பி. அந்தப் பெரிய மனுசனை அலுப்பாக்கிப் போட்டன். அவருக்குக் கோவமோ?"

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வாய் திறந்தது, உண்மை வரவில்லை.

"சேச்சே... அவர் தப்பா நினைக்கல, அன்ரி."

"நல்ல மனுசன்" என்றார். "நீங்களும்தான் தம்பி. சனத்துக்கு முன்னாலை நான் இன்னும் வெக்கப்படாமல், நேரத்தோடை நிப்பாட்டி விட்டனீங்கள்."