விரல் தெரியும் கையுறைகள்

வியர்வை பட்ட பருத்தி நூல் வழுக்காது. கொக்கி ஊசியில் சுற்றி இழுக்கும்போது விரலோடு ஒட்டிக்கொண்டு வரும், சுட்டுவிரல் ஓரத்தில் சிவப்பாய் ஒரு கோடு விழும், அந்தக் கோட்டில் வியர்வை இறங்கினால் சுரீரென்று எரியும். அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் என்ன படித்தேன் என்பது மறந்துவிட்டது, அந்த எரிவு மறக்கவில்லை. பங்குனி வெயில் கொளுத்திய நாட்களில், யாழ்ப்பாணத்து நீர்வேலியில், வாழைத்தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், அம்மாவும் நானும் உட்கார்ந்து கையுறை பின்னினோம். குளிர்நாட்டுக்குப் புறப்பட்ட யாருக்கோ என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து ஊரான திருநெல்வேலிக்கு ரியூசன் வகுப்புக்குப் போகும் என் அக்காவுக்காக.

அக்கா அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பாவின் திவசத்துக்கு வடை சுடும்போது "தாச்சி" சரிந்து, கொதித்த எண்ணெய் அவளுடைய இடது புறங்கையில் கொட்டிவிட்டது. புண் ஆறியது, தோல் சுருங்கி, மணிக்கட்டு வரை பளபளப்பாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. வேறொரு காலமாக இருந்தால் கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும் கவலைப்பட்டிருப்போம். ஆனால் அது சந்திக்குச் சந்தி "சென்றி" என்று இராணுவக் காவலரண் இருந்த காலம். சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையை நீட்ட வேண்டும். அட்டையை வாங்குகிறவர்கள் முகத்தை விடக் கையைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள், தழும்பு கண்டால் சண்டையில் பட்ட காயமென்று பிடித்து வைப்பார்கள் என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்துக்கொள்வார்கள். யாரைப் பிடித்தார்கள், அவர் திரும்பி வந்தாரா என்று நாங்கள் கேட்டால் பேச்சு நின்றுவிடும். முழுக்கதையும் தெரிந்திருந்தால் பயத்துக்கு ஓர் அளவாவது இருந்திருக்கும்.

அப்பா ஒரேயடியாக முடிவு சொல்லிவிட்டார்.

"படிப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். பிள்ளை எங்கடை கண்ணுக்கு முன்னாலை இருக்கட்டும்."

அக்கா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். சோதனைக்குச் சில மாதங்களே இருந்தன, அந்த ரியூசன் இல்லாவிட்டால் அவளுடைய இரசாயனம் கரைசேராது என்பது அப்பாவுக்கும் தெரியும். அம்மா இரண்டு பேருடனும் வாதாடவில்லை. தலையணை உறைகளுக்கு ஓரம் பின்னுகிற கொக்கி ஊசியைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

நிறம் தெரிந்தெடுக்கவே அரைநாள் போனது. பச்சை, சண்டைக்குப் போகிறவர்களின் உடுப்புக்குக் கிட்டப் போகும் என்று பச்சை நூலை ஒதுக்கினார். கறுப்பு வேண்டவே வேண்டாம். சிவப்பும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடக் கூடாது, இயக்கக் கொடியின் நிறமாகிவிடும். கடைசியில் பாவாடை நாடா நிறத்தில் ஒரு "றோஸ்" நூல்தான் மிஞ்சியது. ஒரு நூலைப் பார்த்துப் பெரியவர் ஒருவர் பயப்படுவதை நான் முதன்முதலாகக் கண்டது அன்றைக்குத்தான், கண்டதும் எனக்கும் தொற்றிக்கொண்டது.

பின்னுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. உள்ளங்கையைச் சுற்றி வரும் அளவுக்குச் சங்கிலி போட்டு, அதன்மேல் வரிசை வரிசையாக ஏறி ஒரு துண்டாக்கி, மடித்துப் பக்கத்தைத் தைக்கும்போது பெருவிரலுக்கு ஒரு வாய் விட்டால் சரி. இடக்கை, வலக்கை என்ற வித்தியாசமும் இல்லை. விரல்களையும் சேர்த்து மூடினால் என்ன என்று நான் கேட்டதற்கு, விரல் மறைந்தால்தான் சந்தேகம் வரும், பேனை பிடிக்கிற கை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார் அம்மா. வெயிலுக்குக் கை கறுக்காமல் இருக்கப் போட்டிருப்பதாகச் சொல்ல வேண்டும் என்றும் பாடம் நடந்தது. அப்பா அந்தச் சோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அக்காவின் சைக்கிளுக்குக் காற்று அடித்தார்.

முதல் நாளே அக்காவை மறித்துவிட்டார்கள். கூடப் போன பிள்ளைகளில் ஒருத்தி திரும்பி வந்து படலையில் நின்று சொன்னபோது அம்மாவின் கையிலிருந்த உலைமூடி விழுந்தது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் ஒழுங்கையைப் பார்த்தபடி நின்றேன். மத்தியானம் கழிந்து இருவரும் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். சென்றியில் நின்ற பெண் ஒருத்தி உள்ளே கூட்டிப்போய்க் கையுறையைக் கழற்றச் சொல்லி, இந்த வெக்கையில் எதை மறைக்கிறாய் என்று அரைகுறைத் தமிழில் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறாள். பிறகு யாரோ மேலதிகாரி வந்து பார்த்து அனுப்பியிருக்கிறான்.

"எண்ணெய் கொட்டினது எண்டு உண்மையைத்தானம்மா சொன்னனான்," என்றாள் அக்கா. "திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரிக் கேட்டுது."

எங்கள் வீட்டில் வேறு யாராக இருந்தாலும் அந்தக் கையுறையை அடுப்பில் போட்டிருப்பார்கள். அம்மா அதைக் கழுவிக் கொடியில் காயப்போட்டுவிட்டு, "ஒருத்தி போட்டால்தானே கேப்பினம்," என்றார். ரியூசனுக்குச் சேர்ந்து போகும் பிள்ளைகள் எல்லாருக்கும் பின்ன வேண்டும். அப்போதுதான் எனக்கும் ஊசி கொடுக்கப்பட்டது.

பின்னியது பின்னிவிட்டோம், போட ஆள் வேண்டுமே. இரண்டு வீட்டார் யோசித்து யோசித்துச் சம்மதித்தார்கள். அயலில் இருந்த தவமணி மாமி மட்டும், மகள் வசந்திக்கென்று நாங்கள் கொண்டுபோன சோடியை அம்மாவின் மடியிலேயே திருப்பி வைத்தார்.

"உன்ரை பிள்ளைக்குத் தழும்பு இருக்கு. என்ரை பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. இல்லாத வில்லங்கத்தை நான் ஏன் விலைக்கு வாங்கோணும்?"

அம்மா கோபிக்கவில்லை. நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன் என்று வழியில் என்னிடம் சொன்னார். ஆனால் வசந்தி அக்கா பின்வேலியால் வந்து அந்தச் சோடியை வாங்கிக்கொண்டு போனாள். ஒழுங்கை முடக்கில் போட்டுக்கொள்வாள், திரும்பும்போது கழற்றிப் புத்தகப் பைக்குள் ஒளித்துவிடுவாள். இது தெரிந்த நாளிலிருந்து என் பயம் இரட்டிப்பாகிவிட்டது. அதுவரை அக்காவின் ஒரு கைக்காக மட்டும் பயந்தவள், இப்போது ஊரார் பெற்ற பிள்ளைகளின் கைகளுக்கும் பயப்பட வேண்டியிருந்தது. வசந்தி அக்காவுக்கு ஏதும் நடந்தால் மாமியின் முகத்தில் எப்படி விழிப்பது?

றோஸ் கைகளோடு அவர்கள் புறப்பட்டுப் போன காலையில் அம்மா சமைக்கவில்லை. அப்பா தோட்டத்துக்குப் போகாமல் படலையை அடிக்கடி திறந்து மூடிக்கொண்டிருந்தார். அன்று அவர்களை யாரும் மறிக்கவில்லை. கைகளைப் பார்த்துச் சென்றிக்காரன் ஒருவன் "பாஷன், பாஷன்" என்று சிரித்துவிட்டுப் போகச் சொன்னானாம். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். நாளைக்கு நிற்பவன் சிரிக்காவிட்டால் என்ற எண்ணம்தான் வந்தது. அது நாள்தோறும் வந்தது.

சில கிழமைகள் போனதும் எங்களுக்குத் தெரியாத பிள்ளைகளும் கையுறை போட ஆரம்பித்தார்கள், அதுவும் நாங்கள் ஒதுக்கிய பச்சையிலும் கறுப்பிலும். பாஷன் ஒன்றைத் தொடக்கிவைத்த பெருமையை அனுபவிக்க அம்மாவுக்கு நேரமில்லை. ஒரு காலையில் தவமணி மாமி படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் வசந்தி அக்காவின் கையுறை. அம்மா எழுந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"பெருவிரல் பக்கம் பிரிஞ்சு போச்சு, பிள்ளை," என்றார் மாமி. "நாளைக்கும் போகோணுமாம். கொஞ்சம் தைச்சுத் தா."

அம்மா ஊசியை எடுத்தார். நூல் காதுக்குள் போகாமல் இரண்டு மூன்று தரம் விலகியது. மாமிதான் நூலை வாங்கிக் கோத்துக் கொடுத்தார்.

சென்றி இருந்த அந்தச் சந்தியில் இப்போது கைத்தொலைபேசிக் கடை இருக்கிறது. மண்மூட்டையும் இல்லை, முள்ளுக்கம்பியும் இல்லை. ரியூசன் பிள்ளைகள் ஸ்கூட்டியில் சிரித்துக் கதைத்துக்கொண்டு பறக்கிறார்கள். நான் மட்டும் அந்த இடத்தில் இன்னமும் வேகத்தைக் குறைக்கிறேன், பின்னால் வருகிறவர்கள் எரிச்சலோடு ஹோர்ன் அடித்துக்கொண்டு விலகிப் போகிறார்கள்.

அக்கா மானிப்பாயில் இருக்கிறாள், இரசாயனம்தான் படிப்பிக்கிறாள். போன மாதம் அவள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கேள்வி கேட்கும் வயதுக்கு வந்துவிட்ட அவளுடைய கடைக்குட்டி அந்தக் கையைப் பிடித்துத் தழும்பைத் தடவி, இது என்னவென்று கேட்டாள். அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள்.

"வடை சுடேக்கை எண்ணெய் கொட்டினது, குஞ்சு."

பிள்ளை தழும்பில் ஒரு தரம் ஊதிவிட்டு விளையாட ஓடிவிட்டது. அக்கா அது போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, நம்பாதவள் போலச் சொன்னாள்:

"ஒருக்காத்தான் சொன்னனான். நம்பிப்போட்டாள்."