லயம் என்ற கோப்புறை

என் அப்பா முத்துலிங்கம் ஹட்டனில் படக்கடை வைத்திருந்தார். மார்ச்சில் இறந்தார். மே மாதம் கடையிலிருந்து நிஷாந்தி எனக்குப் போன் எடுத்தாள். ஒன்பது வருடம் அப்பாவை 'மாமா' என்று கூப்பிட்டு, அவரோடு சேர்ந்து படம் எடுத்தவள். இப்போது கடை அவள் பொறுப்பில் இருக்கிறது.

"அக்கா, டிஸ்க்கு நெறஞ்சிருச்சு. சனிக்கெழமை டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்துல அடையாள அட்டைக்குப் படம் எடுக்கணும். நானூறு பேரு. பத்துப் படம் போடக்கூட எடமில்ல."

"எதையாவது அழி."

"எதன்னு நீங்க வந்து சொல்லுங்க. ஒரு படம் காணாமப் போனாலும் சனங்க என்னயத்தான் பிடிப்பாங்க."

செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து ரயிலேறினேன்.

அவள் பயம் எனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் பலருக்கு அடையாள அட்டைப் படம்தான் ஒரே படம். அட்டை தொலைந்தால் அந்தப் படத்தைத் தேடி வருவார்கள். வீட்டில் ஒருவர் இறந்தால், அன்று காலையிலேயே வருவார்கள். பெரிதாக்கி மாலை போட வேண்டும். அப்பா இருபத்தைந்து வருடத்தில் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்று சொல்வார்கள். அதை நான் பெரிய விஷயமாக நினைத்ததில்லை.

அப்பா லயத்தில் பிறந்தவர். பதினோராம் வகுப்புச் சாதாரண தரத் தேர்வோடு படிப்பை நிறுத்தி, ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சொந்தக் கடை. 2009இல் பழைய கணினி ஒன்று வாங்கினார். யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி ஒரு கல்யாணத்தையே தின்றது. அதன்பின் கணினியை லினக்ஸுக்கு மாற்றினார். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமென்று டவுனில் கணினி வகுப்பில் சேர்ந்தார். நான் படித்ததும் அதே வகுப்பில்தான். என் தோழிகள் முன்னால் இருக்க, அவர் கடைசி வாங்கில் நரைத்த தலையோடு உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.

அந்த வகுப்பில் பாஸ்கல் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் அவர் எழுதிய ஒரே நிரலின் பெயர் 'நிறுவை'. கொழுந்து நிறுப்பதுபோல டிஸ்க்கை நிறுக்கும் நிரல். கறுப்புத் திரையில் அந்தச் சொல்லைத் தட்டினால், எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாகக் காட்டும்.

அவர் இறந்த அதே மாதம் பழைய கணினியும் பழுதானது. டிஸ்க்கைக் கழற்றிப் புதிய கணினியில் போட்டிருந்தாள் நிஷாந்தி. அதில் 'நிறுவை' ஓடவில்லை. மூலநிரல் இருந்தது. முந்நூற்று நாற்பது வரி. ஒரு வரியிலும் விளக்கக் குறிப்பு இல்லை.

"ஓடுனாலும் இருவது நிமிசம் எடுக்கும்க்கா. மாமா அத ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போயிருவாரு."

ஏன் இருபது நிமிடம் என்று பார்த்தேன். ஒவ்வொரு கோப்பைத் தொடும்போதும் ஓர் எண்ணை எடுத்து, அதுவரை பார்த்த எண்களின் பட்டியலில் முதலிலிருந்து தேடுகிறார். நான்கு லட்சம் கோப்புகளுக்கும் அதே வேலை. ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் குறுக்கு வழிகளில் சிக்கி ஒரே இடத்தைச் சுற்றிச்சுற்றி வராமலிருக்கத்தான் அது என்று முடிவு செய்தேன். என் நிரல் குறுக்கு வழிகளில் போகாது. அந்தப் பகுதியை விட்டுவிட்டேன்.

நான் வேலையில் பயன்படுத்தும் மொழி ரஸ்ட். புதியது, வேகமானது. புதன்கிழமை மதியத்துக்குள் எழுதி முடித்தேன். மொத்தத்தைக் காட்டும் வரியை மட்டும் பிறகு எழுதலாமென்று விட்டேன். ஓட்டினேன். பதினொரு விநாடி.

"ஆத்தாடி! டீக்குத் தண்ணிகூட வைக்கலியே" என்றாள் நிஷாந்தி. பிறகு திரைக்குக் கிட்டே வந்தாள். "லயம்ங்கிற ஃபோல்டரு மேல நிக்குது. மாமாவோடதுல அது அடியில கெடக்கும், ஒண்ணுமே இல்லாத மாதிரி."

"அப்பாவுடைய நிரலில் பிழை இருந்திருக்கும்."

'லயம்' கோப்புறைக்குள் தோட்டம், அதற்குள் டிவிசன் என்ற தோட்டப் பிரிவு, லயம், காம்பரா என்ற ஒற்றை அறை வீடு. ஒவ்வொரு காம்பராவிலும் அங்கே இருப்பவர்களின் பல வருடப் படங்கள். 'பெயர்' என்ற இன்னொரு கோப்புறையிலும் அதே படங்கள் இருந்தன. இருபதைத் திறந்து ஒப்பிட்டேன். எல்லாம் பிரதிகள். 'லயம்' கோப்புறையில், சனிக்கிழமை போகும் தோட்டத்தின் 'கீழ் டிவிசன்' மட்டும் முப்பத்தெட்டு ஜிபி. எப்படியும் அங்கே புதிதாக எடுக்கப்போகிறோம்.

"மாமா எதையும் அழிக்க மாட்டாரு. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரி" என்றாள்.

அழித்தேன்.

டிஸ்க்கில் காலியிடம் ஒரு எம்பிகூடக் கூடவில்லை.

குப்பைத்தொட்டி காலி. எந்தக் கோப்பும் திறந்திருக்கவில்லை. கணினியை நிறுத்திப் போட்டேன். மாற்றமில்லை. அப்போதுதான் விட்டுவைத்த அந்த மொத்தத்தை எழுதி ஓட்டினேன். ஆயிரம் ஜிபி டிஸ்க்கில் ஆயிரத்து முந்நூறு ஜிபி இருப்பதாகச் சொன்னது.

"அக்கா, கொம்பனியிலயும் இப்படித்தான் கணக்குப் பாப்பீங்களா?"

பாஸ்கல் நிரலைத் திரும்ப வாசித்தேன், இந்த முறை நிதானமாக. அவர் பட்டியலில் சேர்த்தது டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள உள் எண். லினக்ஸில் ஒரே படத்துக்கு வெவ்வேறு கோப்புறைகளில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். படம் ஒன்று, உள் எண்ணும் ஒன்று. கடைசிப் பெயர் அழியும்வரை இடம் காலியாகாது. அப்பா ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பெயரைப் பெயர்வாரியாகவும் இன்னொன்றைக் காம்பராவாரியாகவும் வைத்திருக்கிறார். நிறுக்கும்போது இரண்டு தடவை நிறுக்காமலிருக்கத்தான் அந்தப் பட்டியல். வேலையில் நான் நூறு தடவை பார்த்த விஷயம். அவர் எழுதியதில் அது இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப படம் எல்லாம் இருக்கா?" என்றாள் நிஷாந்தி.

"இருக்கு. எந்தக் காம்பராங்கிறதுதான் போச்சு."

அவள் சிரிப்பு நின்றது. "அப்பிடின்னா படம் போன மாதிரித்தாங்க்கா. அட்டையில ஒரு பேரு, பொறப்புப் பத்திரத்துல ஒரு பேரு, லயத்துல கூப்புடுறது வேற பேரு. செத்த வீட்டுக்காரங்க வந்து 'மூணாவது லயம், கடேசிக் காம்பரா'ன்னுதான் சொல்லுவாங்க. பேர வச்சு நான் எப்பிடித் தேடுறது?"

மீட்கப் பார்த்தேன். துண்டு துண்டாகத்தான் வந்தது. பிரதி எடுத்து வைக்கவில்லை. வைக்க இடமில்லை.

உள் எண்ணைப் பார்க்கும் பகுதியை ரஸ்டில் எழுதிச் சேர்த்தேன். பதினான்கு விநாடி. 'பெயர்' கோப்புறைக்கு அடுத்து மேலே வந்தது, கல்யாண வீடியோ எடிட் பண்ணும்போது மென்பொருள் விட்டுவைத்த தற்காலிகக் கோப்புகள். இருநூற்றுப் பத்து ஜிபி. நிஷாந்தி ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டிய பிறகே அழித்தேன். இடம் கிடைத்தது. ஒற்றைப் பெயரோடு மிஞ்சிய, கீழ் டிவிசனின் முந்நூற்றுப் பன்னிரண்டு முகங்களுக்குக் காம்பரா இல்லை.

சனிக்கிழமை நிஷாந்தி, தொழிலாளர்கள் காலையில் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படமெடுத்தாள். நான் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பழைய முகங்களைக் காட்டி எந்தக் காம்பரா என்று கேட்டேன். வரிசையில் சிரிப்புத்தான் அதிகம்.

"இது நானா? என்னடி இது, பேயறஞ்ச மாதிரி."

"இப்ப மட்டும் என்னவாம்?"

இரண்டு மணி நேரத்தில் நாற்பது முகம். கொழுந்துக் கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்த காளியாயி என்ற பெண் என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீ முத்துலிங்கத்து மகதானே? உங்கப்பா இப்பிடி ஒக்காந்து கேக்க மாட்டாரு. காம்பரா காம்பராவா வருவாரு. யாரு கட்டிப் போனா, யாரு வந்தா, இந்தக் கதவு ஏன் பூட்டிக் கெடக்கு... ஒரே கேள்விதான். போலிஸ்காரன் தோத்துப் போவான்."

"போனவங்க படத்தையும் வச்சிருக்காரே, எதுக்கு?"

"அதையும் நான்தான் சொல்லணுமா? எந்திரி."

எழுந்தேன். முதல் லயத்திலிருந்து தொடங்கினோம். அவள் கதவைத் தட்டினாள், நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். ஓர் அம்மா தன் மகனின் பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் விளக்கைப் போட்டு, மறுபடி காட்டச் சொன்னாள். பூட்டிய காம்பரா ஒன்றின் முன் ஐந்து முகங்கள் சேர்ந்தன. எல்லாரும் கொழும்பில். தோட்டம் முழுவதற்கும் ஒரே விலாசம்தான். இவர்களுக்கு வரும் கடிதம் இன்னும் இங்கேதான் வருகிறது, பக்கத்துக் காம்பராக்காரி எடுத்து வைக்கிறாள். போனவர்களின் படத்தை அப்பா ஏன் காம்பராவிலிருந்து நீக்கவில்லை என்பது அங்கே புரிந்தது. ஐந்துக்கும் அதே காம்பராவைப் போட்டேன்.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. ஒன்பது முகங்கள் மிச்சம். ஏழாவது லயத்தின் முன் காளியாயி ஒரு பெண்ணின் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"இவள எனக்குத் தெரியும். பேருதான் வர மாட்டேங்குது."

"பேரு வேணாம். எந்தக் காம்பரா?"

"நில்லு" என்று மடிக்கணினியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, லயத்தின் கடைசிவரை கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"ஏய், எல்லாரும் வெளியில வாங்கடி! இது யாருன்னு வந்து சொல்லுங்க!"

கதவுகள் திறந்தன.