ஓண லீவில் ஒரு முழங்கால்

1. உத்ராடத்து ஓட்டம்

உத்ராடத்தன்று மதியம் கிழக்கேகோட்டை வழியாக ஸ்கூட்டரில் போகலாம் என்று நினைத்தது என் புத்திக்குறைவு. திருவோணத்துக்கு முந்தின நாள் அது. ஊரே கடைசி நேரச் சாமான் வாங்க இறங்கியிருந்தது. முன்னால் வாழைக்குலை ஏற்றிய ஆட்டோ. பின்னால் ஹாரனிலிருந்து கையை எடுக்காத பஸ். இரண்டு பக்கமும் ஜவுளிக்கடைப் பைகளோடு கூட்டம். இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். நின்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நான் பிசியோதெரபிஸ்ட். இந்த ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தலை நரைக்கிற வரை வேலை பார்த்துவிட்டேன். மாலையில் வீடுகளுக்கும் போவேன். உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எழுப்பி நடக்க வைக்கத் தோன்றும். கல்யாண வீட்டில்கூட இப்படி யாரையாவது எழுப்பிவிட்டு என் வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓணம் நெருங்கினால் நம் ஓபி காலியாகிவிடும். இடுப்பு, தோள்பட்டை, முழங்கால் எல்லாமே ஒரே பாட்டாகப் பாடும்: "ஓணம் கழிஞ்ஞு வராம்." ஓணம் முடிந்து வருகிறேன் என்று அர்த்தம். பத்து நாள் பாயசமும் வாழைக்காய் உப்பேரியும் சாப்பிட்டு, சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துவிட்டு, எல்லோரும் ஒரே திங்கட்கிழமை வந்து நிற்பார்கள். தோள்பட்டை என்றால் திட்டிக்கொண்டே சரிசெய்துவிடலாம். ஆபரேஷன் செய்த முழங்கால் அப்படிக் காத்திருக்காது.

செண்பகம் அக்காவுக்கு ஆடி மாதம் வலது முழங்காலில் டி.கே.ஆர். முடிந்திருந்தது. தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைக்கிற ஆபரேஷன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். புருஷன் காலமானபின் கடையை வாடகைக்கு விட்டுவிட்டு, கோட்டைக்குப் பக்கத்துச் சந்தில் தனியாக இருந்தார். புது மூட்டு வைத்த முதல் சில வாரங்களில் தினமும் மடக்கி நீட்டவில்லை என்றால் உள்ளே தசையெல்லாம் ஒட்டி இறுகிவிடும். அப்புறம் மறுபடி மயக்க மருந்து கொடுத்து, டாக்டர் தன் பலத்தால் மடக்க வேண்டியதுதான். எங்கள் பேச்சில் அதற்கு எம்.யு.ஏ. என்று பெயர்.

அந்த மயக்க மருந்துதான் அக்காவுக்கு எமன். ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள், பெற்ற பிள்ளைகளின் குரலே போனில் அடையாளம் தெரியாமல் பிதற்றியிருந்தார். தெளிந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டாக்டரே, எந்த வலியும் பொறுத்துக்கிடுதேன். அந்த மருந்து மட்டும் இனி வேண்டாம்." அதனால் நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். தொண்ணூறு டிகிரியை நெருங்கிக்கொண்டிருந்தோம். சர்ஜன் ஓணம் முடிந்து ரிவ்யூ வைத்திருந்தார்.

அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து மகன் சிவகுமாரும் துபாயிலிருந்து மகள் கோமதியும் குழந்தைகளோடு லீவில் வந்தார்கள். மறுநாளே சிவகுமார் போன் செய்து, நாங்கள் இருக்கிறோம் மேடம், ஓணம் முடிகிறவரை நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றான். மரியாதையான பையன். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் இருப்புக்கொள்ளவில்லை. அதுதான் அந்த உத்ராடத்து ஓட்டம்.

2. தலையணை

வாசலில் அத்தப்பூக்களம் என்கிற ஓணப் பூக்கோலம் போட்டிருந்தார்கள். அதை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனால், ஹாலில் புதிதாக வாங்கிய ஒரு சாய்வு சோபா. அதில் செண்பகம் அக்கா மகாராணி மாதிரி படுத்திருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரைவரட்டி, வெல்லத்தில் புரட்டிய வாழைக்காய் வறுவல். வலது முட்டுக்கு அடியில் கொழுத்த தலையணை ஒன்று. கால்மாட்டில் கோமதி உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. முட்டுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். அதுதான் ஆபத்து. கால் அரைகுறை மடிப்பிலேயே பழகிவிடும். அப்புறம் முழுதாக நீட்டவும் முடியாது, முழுதாக மடக்கவும் முடியாது. துண்டை மடித்துக் குதிகாலுக்கு அடியில்தான் வைக்க வேண்டும் என்று முதல் நாளே அக்காவிடம் சொல்லியிருந்தேன். தலையணையை உருவி எடுத்தேன். பையிலிருந்து கோனியோமீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டு கை நீட்டிய ஒரு பெரிய கோணமானி, அவ்வளவுதான். ஆனால் அது முகம் பார்த்துப் பேசாது. தொண்ணூறை நெருங்கிய கால் எழுபதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நீட்டச் சொன்னால் முட்டுக்கு அடியில் என் உள்ளங்கை தாராளமாகப் போய் வந்தது.

யார் வைத்தது இதை என்று கேட்டேன். கோமதி எழுந்து நின்றாள்.

"நான்தான் மேடம். அம்மைக்கு ரெஸ்ட் வேண்டே? வாழ்நாள் முழுக்கக் கடையிலயும் அடுக்களையிலயும் நின்னே கழிச்சா. நாங்க இருக்குற பத்து நாளாவது இருந்துட்டுப் போட்டும்."

"பத்து நாளு இருந்தா பதினோராம் நாளு ஆபரேஷன் தியேட்டர்ல படுக்கணும். சம்மதமா?"

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன் போல. கோமதியின் முகம் சுருங்கிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். சிவகுமார் பதறிப்போய், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். சொன்னேன். தலையணை கூடாது. அம்மாவைச் சமையலறை மேடை ஓரமாக நிற்க வைத்து அவியலுக்குக் காய் நறுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் அவரே போய்க் குடிக்கட்டும். வாக்கரோடு வாசல் வரை போய் பூக்களத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். ஓண விருந்தான சத்யாவுக்குக் கீழே உட்கார வேண்டாம், நாற்காலி போடுங்கள், பாயசம் அரைக் கிண்ணம் போதும்.

அக்கா இவ்வளவு நேரமும் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அதட்டலுக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

திருவோணம் முடிந்து மறுபடி போய் அளந்தேன். தலையணை இல்லை. காய் நறுக்கியிருந்தார், நடந்திருந்தார். கால் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. மடக்கச் சொன்னால் மடக்கினார், ஆனால் மனசில்லாமல். நோயாளி மனசில்லாமல் செய்கிற எக்சர்சைஸ் என் கைக்கு உடனே தெரிந்துவிடும். ரிவ்யூவோ வந்துகொண்டே இருந்தது.

3. கல்லாறு

அந்த வாரக் கடைசியில் பொன்முடி மலைக்குப் போகலாம் என்று வேன் பேசியிருந்தார்கள். அம்மாவையும் கூட்டிப் போகலாமா என்று சிவகுமார் கேட்டான். போகலாம், ஆனால் நெடுமங்காட்டில் ஒரு தடவை, வித்துராவில் ஒரு தடவை வண்டியை நிறுத்தி இறக்கி நடத்த வேண்டும், உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். "அப்ப நீங்களும் வாங்க மேடம்" என்றான். கேலியாகச் சொன்னானோ என்னவோ, நான் கிளம்பிவிட்டேன். வீட்டில் என் கணவர் லீவு முழுக்கத் தூங்குவது என்று முடிவெடுத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு வேனே மேல்.

வித்துரா தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. மலையடிவாரத்துக் கல்லாற்றில் போலீஸ்காரர்கள் மேலே இடமில்லை என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். சரி, ஆற்றையாவது பார்க்கலாம் என்று வேனை ஓரம் கட்டினோம். மற்றவர்கள் ஆற்றுக்குப் போய்விட, நானும் அக்காவும் ஒரு சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

சாயா வந்தது. அக்கா அதைத் தொடவில்லை. ஆற்றில் நிற்கிற கோமதியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முட்டுக்கடியில தலையணை வைக்கப்படாதுன்னு நீங்க சொன்னது எனக்கு மறக்கல டாக்டரே."

பிறகு ஏன் வைத்தீர்கள் என்றேன்.

"அவ வச்சா. நழுவ நழுவ அவளே வந்து குனிஞ்சு, காலத் தூக்கி வைப்பா. கல்யாணமாகிப் போனதுக்குப் பெறவு அந்தப் பிள்ள என்னத் தொட்டது அப்பந்தான். வேண்டாம்னு எப்பிடிச் சொல்லுவேன்?"

 எத்தனையோ முழங்கால்களை இந்தக் கைகளால் மடக்கியிருக்கிறேன். ஒரு தலையணைக்குள் இப்படி ஒரு விஷயம் இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. மயக்க மருந்துக்கு அவ்வளவு பயந்தவர், மகளின் கைக்காக அதற்கும் துணிந்திருக்கிறார்.

எழுந்து போய்க் கோமதியை ஆற்றிலிருந்து அழைத்துவந்தேன். அம்மா சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. அது என் வேலையில்லை. வேலை மட்டும் கொடுத்தேன். அம்மாவின் எதிரே உட்காரச் சொன்னேன். குதிகாலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு மெதுவாகப் பின்னால் தள்ளச் சொன்னேன். அம்மா போதும் என்றாலும் கொஞ்ச நேரம் விடக்கூடாது என்றேன். பயந்துகொண்டேதான் பிடித்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். முகம் வலியில் சுளித்தது, ஆனால் காலை விட்டுக்கொடுத்தார். அன்றுவரை என்னிடம் ஒளித்து வைத்திருந்த டிகிரியெல்லாம் அந்தச் சாயாக்கடையில் மகளிடம் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் கோமதிதான். அம்மாவும் மகளும் சண்டை போட்டுக்கொண்டே மடக்கினார்கள். ரிவ்யூவில் சர்ஜன் காலைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு எம்.யு.ஏ. வேண்டாம், ஒரு மாதம் கழித்துக் காட்டுங்கள், இடையில் விட்டால் மறுபடி இறுகிவிடும் என்றார். கோமதி வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் குடும்பமும் மகள் குடும்பமும் ஃப்ளைட் ஏறிவிட்டார்கள்.

4. ஆள் போன வீடு

அந்தத் திங்கட்கிழமை ஓபியில், ஓணம் முடிந்து வருகிறேன் என்றவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். எனக்கு மூச்சுவிட நேரமில்லை. செண்பகம் அக்காவுக்கு தினமும் போன் மட்டும் செய்தேன். "செய்யுதேன் டாக்டரே, நல்லாருக்கு" என்பார். குரல் நன்றாக இல்லை. வாரக் கடைசியில் ஒரு நாள் ஓபி முடியுமுன்பே ஜூனியரிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

வேலைக்கார அம்மாள் கதவைத் திறந்தாள். பட்டப்பகலில் அக்கா உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வாக்கர் மூலையில் துணி காயப்போடும் கொடியாகியிருந்தது. சாப்பிட மட்டும் எழுந்திருக்கிறார் என்று அவள் சொன்னாள். நான் அளந்தேன். கால் பழையபடி எழுபதுக்குப் போய்விட்டது.

"மறுபடி மயக்க மருந்துதான் அக்கா. தெரியுமில்லையா?"

"தெரியும்."

"பின்ன ஏன் மடக்கல?"

அவர் திரும்பவே இல்லை. சுவரிடம்தான் சொன்னார்.

"யாருக்காக மடக்கணும்?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம் வந்தது. வலிக்குப் பதில் என்னிடம் உண்டு. வீக்கத்துக்கு உண்டு, சோம்பலுக்கு நிறைய உண்டு. இதற்கு இல்லை. உங்கள் நல்லதுக்குத்தான் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அறைக்குள் இரண்டு நடை நடந்தேன். உட்கார முடியவில்லை. அப்புறம் வாக்கரில் கிடந்த துணியையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டேன். நாளை பத்து மணிக்கு ஆட்டோ வரும், ஓபிக்கு வர வேண்டும், எனக்கு ஒரு உதவி தேவைப்படுகிறது என்றேன். பொய்யில்லை. தேவைப்பட்டது.

வித்துராவிலிருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர், அவருக்கும் டி.கே.ஆர். முடிந்து புதிதாக வந்திருந்தார். என் கை பட்டாலே அலறினார். மொத்த ஓபியும் திரும்பிப் பார்த்தது. மறுநாள் அவர் பக்கத்துக் கட்டிலில் செண்பகம் அக்காவை உட்கார வைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. டீச்சர் அலறினார். அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் பாத்திரக்கடைக் குரலில் ஆரம்பித்தார்.

"எம்மா, மூச்சப் பிடிக்காதீங்க. மூச்சப் பிடிச்சா ரெண்டு மடங்கு வலிக்கும். என்னப் பாருங்க."

சொல்லிவிட்டுத் தன் காலை மடக்கினார். எழுபதில் இறுகிக் கிடந்த கால். வலித்ததை நான் பார்த்தேன், டீச்சருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். டீச்சர் அவரைப் பார்த்துக்கொண்டே மடக்கினார். மறுநாள் அக்கா வருமுன்பே டீச்சர் வந்து, அந்த அம்மை இன்னும் வரவில்லையா என்று கேட்டார். அதை அப்படியே போனில் அக்காவுக்குச் சொன்னேன். ஆட்டோ போகுமுன்பே அக்கா வாசலில் நின்றாராம்.

சுலபமாக வந்துவிடவில்லை. சில நாள் ஒரு டிகிரிகூட நகராது. ஒரு மாதம் கழித்து சர்ஜன் முன்னால் தொண்ணூற்றைந்துக்கு மடக்கினார். எம்.யு.ஏ. வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது, அக்கா முதலில் போன் செய்தது துபாய்க்கு அல்ல, வித்துராவுக்கு.

அந்த வருடத்திலிருந்து நான் ஓணத்துக்கு நிம்மதியாக லீவு எடுக்கிறேன். பண்டிகை நாளில் எல்லா முழங்காலுக்கும் ஆள் இருக்கிறது. கொஞ்சம் பாயசம் கூடினாலும் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீடு காலியாகிற நாளில்தான் நாம் அங்கே இருக்க வேண்டும். இப்போது யார் புதிதாக ஆபரேஷன் முடிந்து வந்தாலும், மூட்டைத் தொடுவதற்கு முன்னால் கூட வந்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்.

"உங்களுக்கு என்னிக்கு ஃப்ளைட்?"