முறை இல்லாத நாள்

கோட்டைப்பட்டினத்தில் வாரத்தில் சில நாட்கள் விசைப்படகுகளுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்று முறைவைத்துத்தான் கடலுக்குப் போவார்கள். என் கணவரிடம் இருப்பது விசைப்படகு. என் தம்பியிடம் நாட்டுப்படகு.

அன்று மாலை டிவியில் உலகத் தலைவர்களின் பொருளாதார மாநாட்டைக் காட்டினார்கள். "பெரிய நாடெல்லாம் சின்ன நாட்டப் பொழைக்க விடுதா பாரு!" என்று கணவர் பொரிந்து தள்ளினார். அப்போது போன் வந்தது. வலையில் நண்டு நிறையப் படுகிறதாம். மறுநாள் நாட்டுப்படகுகளின் முறை என்று தெரிந்தும் சில விசைப்படகுகள் விடியலில் கிளம்புகின்றனவாம்.

"நானும் போறேன், சோறு கட்டி வையி" என்றார்.

"தம்பி வலை விட்டிருப்பானே, விசைப்படகு மேல போனா அறுந்து போயிருமேங்க?"

"எல்லாரும் போறாங்க. நான் ஒருத்தன் நின்னா கடல் நெறஞ்சிருமா?"

டிவியில் ஒரு தலைவரும் அதையேதான் சொன்னார். மற்ற நாடுகள் விட்டுக்கொடுத்தால் தாங்களும் விட்டுக்கொடுப்பார்களாம். எனக்குச் சுள்ளென்று வந்தது. தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

"இப்ப யாருங்க பெரிய நாடு?"

அவர் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். விடியலில் வெறுங்கையோடு கடலுக்குப் போனார்.

அவருக்குக் கட்டாத சோற்றை, அறுந்த வலையோடு வந்த தம்பிக்குப் போட்டேன்.