மோர்ச் சட்டிக்கு ஒட்டிய சிவப்புச் சீட்டு

என் மகளுக்குத் தண்ணீர் ஆபத்து என்று மருத்துவமனையில் சொன்னபோது நான் முழுதாக நம்பவில்லை. அந்த அவநம்பிக்கை அவள் உயிரையே வாங்கியிருக்கும்.

கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் தரப் பரிசோதகர். போன வருடம் ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் இமைகள் பாதி மூடியிருக்கும், பேச்சு மூக்கால் வரும். தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். பிறகொரு நாள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. அடுத்த இரண்டு நாளில் மூச்சு இழுக்க முடியாமல் சென்னையில் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தாள். நரம்பு இடும் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய், மயஸ்தீனியா என்றார்கள்.

மூச்சு திரும்பியது. விழுங்கும் பலம் திரும்பவில்லை. மூக்கில் உணவுக் குழாயோடு மணவாள நகர் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒரு மாதத்துக்குள் வாயால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடப் பழகிவிட்டால் குழாயை எடுத்துவிடலாம். சாப்பிடுவது நுரையீரலுக்குள் இறங்கினால் பழையபடி செயற்கைச் சுவாசம்தான்.

மருத்துவமனையில் விழுங்கப் பயிற்சி கொடுத்த பெண் எல்லாவற்றையும் செய்து காட்டியிருந்தார். மாத்திரை போட்டு, அது வேலை செய்கிற நேரத்தில்தான் சாப்பிட வேண்டும். தாடையைத் தாழ்த்தி, ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்கி, 'ஆ' என்று சொல்லிப் பார்க்க வேண்டும். குரல் ஈரமாகக் கேட்டால் நிறுத்திவிட வேண்டும். கூழ் கரண்டியில் ஒட்டி நின்று மெதுவாக விழ வேண்டும். நீர்த்தது எதுவும் கூடாது, அது தொண்டையில் முந்திக்கொண்டு ஓடிவிடும்.

நாங்களோ, உடம்பு முடியாதவர்களுக்குக் கஞ்சியை நீர்க்கக் கரைத்துக் கொடுத்தே பழகியவர்கள். மூன்றாம் நாள், கெட்டிக் கூழோடு அவள் மல்லுக்கட்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவளுக்குத் தெரியாமல் அரை டம்ளர் மோரை ஊற்றிக் கலக்கிவிட்டேன்.

முதல் வாய்க்கே முகம் கறுத்தது. இருமவும் பலமில்லை. நான் முதுகைத் தட்டப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு முன்னால் குனிந்து, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி, சின்னச் சின்னதாக இருமி இருமி வெளியே கொண்டுவந்தாள்.

"நைனா, இன்னா கலந்தே?"

"மோரு... கொஞ்சம்தாம்மா."

அவள் திட்டவில்லை. தன் வேலைப் பையிலிருந்து ஒரு சீட்டுக் கட்டை எடுத்தாள். கம்பெனியில் குறையுள்ள பாகத்தின் மேல் 'ஹோல்டு' என்று இந்தச் சிவப்புச் சீட்டை ஒட்டினால், பரிசோதகர் கையெழுத்துப் போடும்வரை மேனேஜரே ஆனாலும் தொட முடியாதாம். தண்ணீர்ப் பானைக்கு ஒன்று, மோர்ச் சட்டிக்கு ஒன்று ஒட்டினாள். மூன்றாவதை என் சட்டைப் பையில் ஒட்டிவிட்டு, "நீயும் ஹோல்டு. நான் சொல்லாம கரண்டியத் தொடாதே" என்றாள். மூக்கால்தான் பேசினாள். ஆனாலும் சிரித்தாள்.

அது ஆடி மாதம். அடுத்த வாரம் என் அக்கா பெரியபாளையத்திலிருந்து அம்மன் கூழைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்தார். ஊற்றினால் ஓடுகிற பதம், நடுவில் அரிசி நொய்.

"இந்தாடி, ஒரு மொடக்கு குடி. ஆத்தா கூழு ஒண்ணும் பண்ணாது."

என் அக்காவை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

"அத்தே, ஆத்தா மேல டவுட்டு இல்ல. கூழு மேலதான்," என்றாள் மகள். "நொய்ய வடிகட்டிட்டு அடுப்புல வெச்சுக் கெட்டியா கிண்டிக் குடு. துன்றேன்."

"சாமி கூழையே கொற சொல்றியா? இன்னாடா பொண்ண வளத்து வெச்சிகினுகீற?" என்று அக்கா என்னிடம் திரும்பினார்.

"அவ சொல்றபடி செய்யிக்கா," என்றேன். அந்த வீட்டில் அக்காவிடம் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

அக்கா முணுமுணுத்துக்கொண்டே கிண்டினார். மகள் மாத்திரை போட்ட நேரத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். தாடையைத் தாழ்த்தி ஒரு வாய், இரண்டு விழுங்கல், ஒரு 'ஆ'. ஐந்தாவது கரண்டிக்கு அக்காவும் எதிரே உட்கார்ந்து தன்னை அறியாமல் 'ஆ' சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாவதில் மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லாதானே போவுது, இன்னும் ரெண்டு வாய் துன்னுடி."

"தொண்ட டயர்டு ஆயிடுச்சு அத்தே. மிச்சம் கொயாய்ல."

பசியோடு பாதியில் நிறுத்தினாளே, அந்த ஏழு கரண்டியை விட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

அவர்கள் சொன்ன ஒரு மாதம் முடிந்து மருத்துவமனைக்குப் போனபோது நெஞ்சில் சளி இல்லை. எடையும் குறையவில்லை. குழாயை எடுத்தார்கள். "வீட்ல யாரு பாத்துக்கினாங்க? நல்லா பண்ணியிருக்காங்க" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அவளேதான் சார்," என்றேன்.