மூன்று குன்றுகள், ஒரு புது லிஃப்ட்

நான் ஒரு முறைகூட ஸ்கீ கட்டையைக் காலில் மாட்டியதில்லை. ஆனால் கியூபெக்கில் எந்தச் சின்னப் பனிச்சறுக்குக் குன்றுக்குப் புதிய வேக லிஃப்ட் கிடைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த கை என்னுடையது. தொண்ணூறுகளில் நடந்த விஷயம். உப்பு உறைப்பு தெரியாதவனைச் சமையல் போட்டிக்கு நடுவராக்கிய மாதிரி என்று ஒரு நண்பர் கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். முழுக் கதையையும் அவரிடம் சொன்னதில்லை.

டவுன்டவுனில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் எனக்கு வேலை. இரும்புக் கயிறு, கப்பி, கோபுரம் இவைதான் பிழைப்பு. பழனி விஞ்ச்சில் சின்ன வயதில் ஏறியதைத் தவிர மலைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. குளிரும் ஆகாது. அங்கே பதினைந்து வருடம் இருந்தும், நவம்பர் வந்தால் யாரோ என்னிடம் சொல்லாமல் கதவைத் திறந்து வைத்துவிட்டது போல எரிச்சல்தான் வரும்.

பெரிய மலைகள் எல்லாம் அந்தச் சமயத்தில் வேக லிஃப்ட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. பழைய லிஃப்ட்டில், ஆட்களைச் சரிவின் உச்சிக்கு ஏற்றிப் போகும் நாற்காலி கயிற்றோடு இறுகப் பூட்டியிருக்கும். வேகமாக ஓட்டினால் ஏறுகிறவரின் முழங்காலில் வந்து இடிக்கும் என்பதால் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். புதியதில் நாற்காலி கீழே வந்ததும் கயிற்றை விட்டுவிடும். ஆட்கள் சாவகாசமாக உட்கார்ந்த பிறகு மறுபடி கயிற்றைக் கவ்விக்கொண்டு கிளம்பும். பன்னிரண்டு நிமிடம் உறைந்துபோய் உட்கார வேண்டிய இடத்தில் ஐந்து நிமிடம். கூட்டம் அந்த ஐந்து நிமிடத்தின் பின்னால் போனது. சின்னக் குன்றுகள் காலியாகத் தொடங்கின. அவற்றில் ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று ஒரு நிதிக் குழு முன்வந்தது. மூன்று குன்றுகளைப் பொறுக்கி, எதற்குத் தகுதி அதிகம் என்று பார்த்து எழுதித் தரும்படி எங்கள் அலுவலகத்திடம் கேட்டது. அலுவலகம் அந்தக் கோப்பை என் மேசைமேல் வைத்தது. அதுவரை மற்றவர்கள் போட்ட வரைபடங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன் நான். முதல் முறையாக ஒரு வேலை முழுதாக என் பெயரில் வந்திருந்தது.

கோப்பைத் திறந்தேன். மூன்றாவது குன்று, என் மகளின் பள்ளிக்கூடத்தார் வெள்ளிக்கிழமைதோறும் பஸ்ஸில் பிள்ளைகளை அழைத்துப் போகும் குன்று.

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்ய் என்ற ஊரில் இருந்த வீட்டில் எங்களோடுதான் இருந்தாள், ஆனால் இருக்கிற சத்தமே கேட்காது. பள்ளியிலிருந்து வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கேட்ட கேள்விக்கு "ம்", கேட்காத கேள்விக்கு அதுவும் கிடையாது. வகுப்பில் அவளோடு யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதை ஆசிரியை சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். வெள்ளிக்கிழமை மட்டும் வேறு பெண் வீட்டுக்கு வருவாள். கன்னமெல்லாம் சிவந்து, பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாக, சோற்றைப் பிசைந்தபடியே மூச்சுவிடாமல் பேசுவாள். எந்தச் சரிவில் இறங்கினாள், எங்கே விழுந்தாள், லிஃப்ட்டில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று எல்லாம் சொல்வாள். பன்னிரண்டு நிமிடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் யாராவது பேசித்தானே ஆக வேண்டும்.

"உங்க பொண்ணு வாயத் தொறக்கறதே வெள்ளிக்கிழமைதான். அந்த மலை நல்லா இருக்கணும்," என்பாள் என் மனைவி.

மேலதிகாரியிடம் போய், "என் மகள் அங்கே போகிறாள், வேறு யாரையாவது அனுப்புங்கள்," என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. கைக்கு வந்த வேலை போய்விடுமோ என்ற பயம். நேர்மையாக எழுதுவேன், யாருக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டிலும் மூச்சு விடவில்லை.

முதல் குன்று நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. விரிந்த கார் நிறுத்தம், புதிய உணவகம், டை கட்டிய முதலாளி. எனக்குக் காப்பி கொடுத்து வரைபடங்களைப் பரப்பிக் காட்டினார். நாங்கள் தராவிட்டாலும் நாலைந்து வருடத்தில் அவரே வாங்கிவிடுவார் என்று தோன்றியது. இரண்டாவது குன்றின் சரிவு அழகு, ஆனால் செயற்கைப் பனி செய்யப் போதுமான தண்ணீர் இல்லை. அங்கே லிஃப்ட் வைப்பது குழாய் இல்லாத வீட்டில் குளியல் தொட்டி வைப்பதற்குச் சமம்.

மூன்றாவதற்கு ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். மகள் அங்கே இருக்க மாட்டாள் என்பதற்காகவே செவ்வாய். அதை நடத்திய பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். விடியற்காலையில் வண்டி ஓட்டிப் பனியைச் சமப்படுத்துவதும் அவர்தான், டிக்கெட் கிழிப்பதும் அவர்தான், மத்தியானம் சூப் வைப்பதும் அவர்தான். இருவர் உட்காரும் பழைய லிஃப்ட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து மேலே அழைத்துப் போனார். வழியில் வந்த ஒவ்வொரு கோபுரத்துக்கும் என்ன உடம்புக்கு ஆகவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். என் வேலையில் இப்படி ஒளிக்காமல் பேசுகிறவர்கள் அபூர்வம்.

கீழே லிஃப்ட்டில் ஏறும்போது அங்கிருந்த ஆள் என் மேல் ஒரு பழைய கம்பளியைச் சுற்றிவிட்டிருந்தார். உச்சியில் இறங்கியதும் இன்னொருவர் அதை வாங்கி மடித்து, கீழே திரும்பும் காலி நாற்காலியில் வைத்துக் கட்டி அனுப்பினார். கடும் குளிர் நாட்களில் எல்லோருக்கும் அப்படித்தானாம். ஏறும்போது மனிதர்களோடு போகும் கம்பளிகள், இறங்கும்போது தனியாக வரிசை கட்டி வந்தன.

"பன்னிரண்டு நிமிஷத்தை என்னால் குறைக்க முடியாது. கம்பளி தர முடியும். பிள்ளைகள் குளிரில் அழுதால் அடுத்த வாரம் வரமாட்டார்கள்," என்றார் பிரெஞ்சில். பிறகு கேட்டார். "உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? ஸ்கீ செய்வார்களா?"

"ஒரு மகள். ஸ்கீ எல்லாம் தெரியாது," என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு, புது லிஃப்ட் வராவிட்டால் இன்னும் இரண்டு குளிர்காலம் தாங்கினாலே அதிகம் என்றார். கெஞ்சவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

அலுவலகத்துக்கு வந்து பென்சிலால் மதிப்பெண் போட்டேன். பனி, தண்ணீர், சரிவு, சாலை, பழைய லிஃப்ட்டின் நிலை, நிர்வாகம் என்று தலைப்புகள். கூட்டிப் பார்த்தால் மூன்றாவது குன்று ஒரே ஒரு மதிப்பெண்ணில் முன்னால் நின்றது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. தகுதி என்றால் கையில் இருப்பதை வைத்துக்கொண்டு அடுத்தவர்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதானே. அந்தக் கம்பளிகளுக்காகவே நிர்வாகத்துக்கு எட்டுப் போட்டிருந்தேன்.

அந்த எட்டைப் பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வந்தது. நாளைக்கு யாராவது தோண்டிப் பார்த்தால்? சொந்த மகள் போகிற இடம் என்பதால்தான் தூக்கிவிட்டான் என்று நாலு பேர் பேசினால்? இந்தப் பயம் எனக்கு வீட்டுச் சொத்து. என் அப்பா கணக்கு வாத்தியார். நான் அவர் வகுப்பில் இருந்த இரண்டு வருடமும், சரியாகப் போட்ட கணக்குக்கும் எனக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் குறைத்தே கொடுப்பார். "வாத்தியார் பையன்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது பாரு," என்பார். அவர் நேர்மையை ஊரே மெச்சியது. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. எரிந்தது மறந்துவிட்டது போலும், மெச்சியது மட்டும் மனசில் நின்றுவிட்டது.

ரப்பரால் எட்டை அழித்து ஆறு என்று எழுதினேன். மூன்றாவது குன்று இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. அன்று மெட்ரோவில் ஆற்றுக்கு அடியில் வீடு திரும்பும்போது மனசு லேசாக, பெருமையாகக்கூட இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புது லிஃப்ட் முதல் குன்றுக்குப் போனது. மூன்றாவது குன்று அடுத்த குளிர்காலம் முழுக்க ஓடியது. அதற்கடுத்த குளிர்காலத்தில், ஜனவரி நடுவில், பழைய லிஃப்ட்டின் பல்சக்கரம் உடைந்தது. பழுது பார்க்க வழியில்லாமல் மூடிவிட்டார்கள். பள்ளியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது, இனி வெள்ளிக்கிழமைப் பயணம் இல்லை என்று. மகள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அந்த வெள்ளிக்கிழமை இரவு நாங்கள் மூன்று பேரும் ரசம் சாதத்தைப் பேச்சில்லாமல் சாப்பிட்டோம். அடுத்த வெள்ளியும் அப்படித்தான்.

எனக்குத் தாங்கவில்லை. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, நானே காரில் அவளை அந்த முதல் குன்றுக்கு அழைத்துப் போனேன். நாலு பேர் உட்காரும் நாற்காலிகள் சத்தமே இல்லாமல் பறந்தன. நான் தேர்ந்தெடுத்த லிஃப்ட். அவள் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்குப்பா. சீக்கிரம் போயிடுது," என்றாள். "யாரும் பேசறதுக்குள்ள இறங்கிடறாங்க."

திரும்பும் வழியில் மூடிய குன்று வந்தது. பனி பாதி கரைந்து, சரிவு சேறும் சகதியுமாகக் கிடந்தது. ஆட்கள் நாற்காலிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாசலில் ஊஞ்சலாகத் தொங்கவிட வாங்கிப் போகிறார்களாம். "நிறுத்துங்கப்பா," என்றாள் மகள். நிறுத்த எனக்கு மனசே இல்லை. நிறுத்தினேன்.

அந்தப் பெண்மணி அவளைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். எவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். என்னை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்கீ எல்லாம் தெரியாது என்று நான் சொன்னதும் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"குழு எனக்கு மதிப்பெண் தாளை அனுப்பியது. நிர்வாகத்துக்கு ஆறு போட்டிருந்தீர்கள். கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நான் என்ன தவறு செய்தேன்? இரண்டு குளிர்காலமாக யோசித்துப் பார்க்கிறேன்," என்றார்.

நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மகள் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆட்கள் குறைவு," என்றேன்.

அவர் அதை யோசித்துப் பார்த்தார். "ஆமாம், ஆட்கள் குறைவுதான்," என்று ஒப்புக்கொண்டார். எனக்குக் கை கொடுத்து நன்றியும் சொன்னார். அந்தக் கையை எப்படிப் பற்றினேன் என்று இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காரில் ஏறினோம். நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு அவள் கேட்டாள்.

"நீங்கதான் மார்க் போட்டீங்களா?"

"ஆமா."

"அவங்க நிஜமாவே சரியா நடத்தலையாப்பா?"

"நல்லாத்தான் நடத்தினாங்க."

"அப்புறம் ஏன் ஆறு?"

அவளிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் புரிந்துகொள்வாள், கோபப்பட்டுக் கத்தினாலும் சரி, பாரம் இறங்கும் என்று நினைத்தேன்.

"முதல்ல எட்டுதான் போட்டேன். நீ அங்க போயிட்டிருந்த. உனக்கு அந்த இடம்னா உசுரு. நான் அதுக்குக் கொடுத்தா சொந்தப் பொண்ணுக்காகக் கொடுத்தான்னு சொல்லுவாங்க. அதனால குறைச்சேன்."

அவள் கத்தவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, சின்னக் குழந்தையாக இருந்தபோது பேசிய குரலில் கேட்டாள்.

"எனக்குப் பிடிச்சதுனாலயா?"

இல்லை என்று சொல்லத் தோன்றாமல் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு வந்ததும் அவள் இறங்கிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தனக்கு எது பிடிக்கும் என்று அவள் என்னிடம் சொன்னதில்லை. எந்தக் கல்லூரி, என்ன படிப்பு, பிற்பாடு யாரைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறாள் என்பதெல்லாம், முடிவான பிறகு, அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.